எக்ஸ்என், எக்ஸ்1பி, பிடாட் புள்ளி: கண் சீட்டில் வரும் வைட்டமின் சொற்களும் அவற்றின் பொருளும்

கேள்வியின் சுருக்கம் இது. நான்கு வயதுப் பையனுக்குப் பொழுது சாய்ந்ததும் கண் சரியாகத் தெரியவில்லை. கண் மருத்துவர் சீட்டில் 'எக்ஸ்என்', 'எக்ஸ்1பி', 'பிடாட் ஸ்பாட்' என்று எழுதி, வைட்டமின் ஏ 2 லட்சம் ஐ.யூ. மூன்று தவணை கொடுக்கச் சொல்லியிருக்கிறார். இந்தச் சொற்களுக்கு என்ன பொருள்? இவ்வளவு பெரிய அளவு ஆபத்தில்லையா? இதே மருந்தைக் கொடுத்தால் பத்து வயது அக்காவின் கண்ணாடி கழன்றுவிடுமா? தாத்தாவுக்கு எழுதிக்கொடுத்த 'கண் வைட்டமின்' மாத்திரை வீட்டில் இருக்கிறதே, அதையே பையனுக்குக் கொடுக்கலாமா?

கண்ணாடிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். கழலாது. கிட்டப்பார்வை என்றால் கிட்டத்தில் இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது மங்கும் என்று பொருள். கிட்டத்தில் தெரியாததுதான் கிட்டப்பார்வை என்று பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். வளர்ந்தவர் கண்ணின் நீளம் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். அது ஒரு மில்லிமீட்டர் கூடினாலே கிட்டத்தட்ட மைனஸ் 3 பவர் வந்துவிடும். அப்போது ஒளி விழித்திரைக்குச் சற்று முன்னாலேயே குவிந்துவிடுகிறது. இது நீள அகலக் கோளாறு, சத்துக் கோளாறு அல்ல. கேரட்டோ பொன்னாங்கண்ணிக் கீரையோ நீண்டுபோன கண்ணைக் குறுக்காது. தூரப்பார்வைக்கும், நாற்பதை ஒட்டி வரும் வெள்ளெழுத்துக்கும் இதே பதில்தான். வெள்ளெழுத்தில் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போகிறது, அவ்வளவுதான். அக்காவுக்குச் சத்தான சாப்பாடு கொடுங்கள், கண்ணாடியையும் போடவிடுங்கள். சத்து ஏறும்வரை கண்ணாடி வேண்டாம் என்று ஒதுக்கிவைக்கும் வீடுகளில் பிள்ளைகள் கரும்பலகை தெரியாமலே வருடங்களைக் கழிக்கிறார்கள்.

பையனுடைய பிரச்சினை வேறு இனம். அவனுக்கு உண்மையிலேயே சத்துக் குறைவு. அவன் சீட்டில் இருப்பவை உலக சுகாதார நிறுவனத்தின் குறியீடுகள். 'எக்ஸ்' என்ற எழுத்து ஜீரோஃப்தால்மியா என்ற சொல்லின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் வரும் முதல் எழுத்து. கிரேக்கத்தில் 'ஜீரோஸ்' என்றால் வறட்சி, 'ஆஃப்தால்மோஸ்' என்றால் கண். வைட்டமின் ஏ குறைவால் கண்ணில் வரும் எல்லாக் கோளாறுகளுக்கும் சேர்த்து இந்த ஒரே குடும்பப் பெயர்தான். கண் மருத்துவச் சொற்கள் பயமுறுத்துவதுபோல இருந்தாலும் பிரித்துப் பார்த்தால் எளியவை. 'கெரட்டோ' என்று தொடங்கினால் கருவிழி, அதாவது கண்ணின் முன்பக்கத் தெளிவான படலம்; 'ரெட்டினோ' என்றால் விழித்திரை. 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. 'மலேசியா' என்று முடிந்தால் இளகிப்போதல். ஆக, கெரட்டோமலேசியா என்றால் கருவிழி இளகிக் கரைவது. இந்தச் சொல் சீட்டில் இருந்தால் மட்டும் ஒரு மணி நேரம்கூட வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

எக்ஸ்என் என்பது மாலைக்கண். அந்த 'என்' ஆங்கிலத்தில் இரவைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து. இது ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் மருந்தின் மேல் நம்பிக்கை தானாக வரும். விழித்திரையில் இரண்டு வகை ஒளியுணர் செல்கள் உண்டு. பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் கூம்பு செல்கள், சுமார் 60 லட்சம். மங்கிய ஒளிக்குக் குச்சி செல்கள், சுமார் 12 கோடி. குச்சி செல்லுக்குள் ரோடாப்சின் என்ற நிறமி நிறைந்திருக்கிறது. ஆப்சின் என்ற புரதமும், வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவமான ரெட்டினாலும் கைகோத்து உண்டானது அது. (சீட்டுகளில் கவனியுங்கள்: ஆல்கஹால் வடிவமும் ரெட்டினால்தான், ஆல்டிஹைடு வடிவமும் ரெட்டினால்தான். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. உடலில் ஓடுவதும் மருந்துச் சீட்டில் இருப்பதும் முதலாவது, விழித்திரையில் வேலை செய்வது இரண்டாவது.) வளைந்து மடங்கிய நிலையில் இருக்கும் அந்த மூலக்கூறின் மேல் ஒளி பட்டதும் அது நிமிர்ந்துவிடுகிறது. அந்த நிமிர்வுதான் 'வெளிச்சம் வந்தது' என்ற செய்தியாக நரம்பில் போகிறது. நிமிர்ந்தது ஆப்சினிலிருந்து கழன்று, விழித்திரைக்குப் பின்னால் உள்ள நிறமி அடுக்குக்குப் போய், மறுபடி மடக்கப்பட்டுத் திரும்பி வரவேண்டும். இந்தச் சுழற்சியைக் கண்டுபிடித்த ஜார்ஜ் வால்டுக்கு 1967-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

வெயிலிலிருந்து சினிமாத் தியேட்டருக்குள் நுழைந்ததும் முதலில் ஒன்றும் தெரியாமல், பிறகு மெல்ல மெல்ல நாற்காலி வரிசை தெரிய ஆரம்பிப்பது ரோடாப்சின் மறுபடி சேர்ந்துகொண்டிருப்பதால்தான். நல்ல கண்ணுக்கும் இருட்டில் முழுமையாகப் பழக 30 முதல் 40 நிமிடம் ஆகும். பையனின் உடலில் வைட்டமின் ஏ இருப்பே குறைந்துவிட்டதால், வெளிச்சத்தில் செலவான ரோடாப்சினுக்கு ஈடு வருவதில்லை. பகலில் கூம்பு செல்கள் சமாளித்துவிடும், பையன் சாதாரணமாக ஓடியாடுவான். பொழுது சாய்ந்ததும் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பான், தட்டில் இருக்கும் சோற்றைத் துழாவுவான், விளையாட்டை விட்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவான். இவ்வளவு சின்னப் பிள்ளைக்குத் தனக்குத் தெரியவில்லை என்று சொல்லத் தெரியாது. எல்லோருக்கும் இருட்டு இப்படித்தான் என்று நினைத்துக்கொள்ளும். அதனால் அதே வயதுள்ள வேறு பிள்ளையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே மங்கிய வெளிச்சத்தில் ஒருவன் தரையில் கிடக்கும் பந்தை எடுக்கிறான், மற்றவன் தேடுகிறான் என்றால் அதுவே போதுமான அடையாளம். கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள்கூட 'பிள்ளைக்கு மாலைக்கண் உண்டா' என்று ஊர் வழக்குச் சொல்லை வைத்துத்தான் தாயிடம் கேட்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. அந்தச் சொல் புழங்கும் ஊரில் தாயின் பதிலை அவ்வளவு தூரம் நம்பலாம்.

அடுத்தது எக்ஸ்1. இங்கே பிரச்சினை விழித்திரையில் இல்லை, கண்ணின் மேற்பரப்பில். வெண்விழியின் மேல் படர்ந்திருக்கும் ஒளி ஊடுருவும் சவ்வில் சளி சுரக்கும் செல்கள் உண்டு. கண்ணீர் வழுக்கி ஓடாமல் ஒட்டிப் பரவுவது அந்தச் சளியால்தான். வைட்டமின் ஏ-யின் இன்னொரு வடிவமான ரெட்டினாயிக் அமிலம்தான் அந்தச் செல்கள் அப்படியே இருக்கவேண்டும் என்று மரபணுக்களுக்குக் கட்டளை இடுவது. அது இல்லாவிட்டால் சளி செல்கள் மறைந்து, அந்த இடத்தில் தோலைப்போல் காய்ந்த செல்கள் வளர்கின்றன. கண்ணீர் இருக்கும், ஆனால் தாமரை இலைத் தண்ணீர்போல நிற்காது. சவ்வு பளபளப்பை இழந்து, மெழுகு பூசியதுபோலச் சுருங்கித் தெரிந்தால் எக்ஸ்1ஏ.

எக்ஸ்1பி என்பதுதான் பிடாட் புள்ளி. 1863-இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் பிடாட்டின் பெயர் அது. பையனை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக உட்காரவைத்து, மூக்குப் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். கருவிழிக்கும் காதுப் பக்கக் கண் ஓரத்துக்கும் நடுவில், வெண்விழியின் மேல், சோப்பு நுரை காய்ந்து ஒட்டியதுபோலச் சாம்பல் கலந்த வெள்ளையில் ஒரு திட்டு தெரியும். பெரும்பாலும் முக்கோணமாக, அடிப்பக்கம் கருவிழியைப் பார்த்திருக்கும். அந்த நுரை காய்ந்த செல்களும், அவற்றின் மேல் வளரும் ஒரு வகை பாக்டீரியா விடும் வாயுவும் சேர்ந்து உண்டானது. பஞ்சால் துடைத்தால் நுரை வந்துவிடும், அடியில் கரடுமுரடான சவ்வு தெரியும், சில நாளில் நுரை மறுபடி சேரும். துடைப்பது சிகிச்சை அல்ல. வீட்டில் துடைத்துப் பார்க்கவும் வேண்டாம். இரண்டு கண்ணிலும் இருந்தால் சத்துக் குறைவு என்பது கிட்டத்தட்ட உறுதி. ஒரு எச்சரிக்கை: பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளைகளில் பழைய குறைபாட்டின் தழும்பாகவே இந்தப் புள்ளி நின்றுபோவதுண்டு. மருந்து கொடுத்தும் மறையாவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று மேலும் மேலும் கொடுக்கக் கூடாது. நான்கு வயதில், அதுவும் மாலைக்கண்ணோடு சேர்ந்து இருந்தால் அது நிகழ்காலக் குறைபாடு.

இதையும், கம்ப்யூட்டர் பார்த்து வரும் 'டிரை ஐ' என்ற கண் வறட்சியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பெரியவர்களின் கண் எரிச்சல், மணல் உறுத்தல் எல்லாம் பெரும்பாலும் கண்ணீரின் அளவு அல்லது எண்ணெய்ப் படலத்தின் குறைபாடு. கண்ணிமைக்குள் 35 மில்லிமீட்டர் நீள வடிதாள் பட்டையைச் செருகி ஐந்து நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று பார்க்கும் ஷிர்மர் சோதனை அதற்கானது. 5 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் கடும் வறட்சி. கல்லீரல் நோய், நீண்டநாள் கணைய நோய், உடல் எடைக்காகக் குடல் அறுவை என்று கொழுப்பு உறிஞ்சப்படாத காரணம் ஏதாவது இருந்தால் மட்டுமே பெரியவர்களின் கண் வறட்சிக்கு வைட்டமின் ஏ-யைச் சந்தேகிக்க வேண்டும்.

எக்ஸ்2 என்று எழுதியிருந்தால் வறட்சி கருவிழிக்கு ஏறிவிட்டது. நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே உள்ள, முழுக்கத் தெளிவாக இருக்கவேண்டிய சன்னல் அது. டார்ச் அடித்தால் ஒளி கூர்மையாகப் பிரதிபலிக்காமல், ஆவி படிந்த கண்ணாடிபோல மங்கித் தெரியும். எக்ஸ்3ஏ என்றால் கருவிழிப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாகப் புண் அல்லது இளகல். எக்ஸ்3பி என்றால் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ. மேலே சொன்ன கெரட்டோமலேசியா இந்தக் கட்டத்தில்தான் வரும். எக்ஸ்எஸ் என்பது ஆறிய பின் நிற்கும் தழும்பு. எக்ஸ்எஃப் என்பது விழித்திரையில் தெரியும் வெண்புள்ளிகள். எக்ஸ்2 வரை உரிய நேரத்தில் மருந்து போனால் கண் பழையபடி ஆகும். எக்ஸ்3ஏ-யில் ஆறும், தழும்பு நிற்கும். எக்ஸ்3பி-யில் பெரும்பாலும் அந்தக் கண் போய்விடும்.

இந்த எண் வரிசையைப் படிக்கட்டு என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது. மாலைக்கண்ணோ பிடாட் புள்ளியோ இல்லாமலே நேராக எக்ஸ்3-க்குப் போகும் பிள்ளைகள் உண்டு. ஏற்கெனவே மெலிந்திருந்து, தட்டம்மையோ கடும் வயிற்றுப்போக்கோ வந்தால் மிச்சமிருந்த வைட்டமின் ஏ சில நாட்களில் தீர்ந்துவிடும். தட்டம்மை கருவிழியையும் நேரடியாகத் தாக்கும். அதனால்தான் தட்டம்மை வந்த பிள்ளைக்குக் கண் நன்றாக இருந்தாலும் வயதுக்கேற்ற அளவு வைட்டமின் ஏ அடுத்தடுத்து இரண்டு நாள் கொடுக்கப்படுகிறது. அம்மை கண்ட வீட்டில் கண்ணில் இலைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வறண்டு மெலிந்த கருவிழியில் அது கிருமியை நேராகக் கொண்டுபோய் வைப்பது. தயவுசெய்து எதையும் ஊற்றாதீர்கள். கண்ணைத் திறக்கவே முடியாமல் பிள்ளை அழுதால், கருவிழியில் வெள்ளையாகத் தெரிந்தால், கண்ணை அழுத்தாமல், கசக்காமல், உடனே கண் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். போகும் வழியில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால் முதல் தவணை வைட்டமின் ஏ-யை அங்கேயே வாயில் கொடுத்துவிடலாம். பரிந்துரை கைக்கு வரும்வரை அந்தத் தவணை காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது அளவு. ஐ.யூ. என்பது சர்வதேச அலகு. வைட்டமின் ஏ-யில் ஒரு ஐ.யூ. என்றால் 0.3 மைக்ரோகிராம் ரெட்டினால். ஆக 2 லட்சம் ஐ.யூ. என்பது 60 மில்லிகிராம். நான்கு வயதுப் பிள்ளையின் ஒரு நாள் தேவை, ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வகுத்த கணக்குப்படி 510 மைக்ரோகிராம். வகுத்துப் பார்த்தால் ஒரு தவணை ஏறத்தாழ நான்கு மாதத் தேவை. பயமாகத்தான் இருக்கும். ஆனால் வைட்டமின் ஏ கொழுப்பில் கரைவது. கல்லீரல் அதைப் பத்தாயம்போலச் சேர்த்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். பையனின் பத்தாயம் காலி. காலியான பத்தாயத்தில் கொட்டுவதும் நிறைந்ததில் கொட்டுவதும் ஒன்றல்ல. சிலருக்கு ஓரிரு நாள் வாந்தி, தலைவலி வரும், தானாக அடங்கும்.

சிகிச்சைக்கு முறை இது: ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம், 6 முதல் 12 மாதம் வரை 1 லட்சம், 6 மாதத்துக்குக் கீழே 50 ஆயிரம் ஐ.யூ. முதல் நாள் ஒன்று, மறுநாள் ஒன்று, இரண்டு வாரம் கழித்து மூன்றாவது. பலர் தவறவிடுவது அந்த மூன்றாவதைத்தான். முதல் இரண்டு தவணையிலேயே பையன் இருட்டில் ஓட ஆரம்பித்துவிடுவான், மாலைக்கண் பெரும்பாலும் ஓரிரு நாளில் தெளியும். சரியாகிவிட்டது என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள். மூன்றாவது தவணை கல்லீரல் இருப்பை நிரப்புவதற்கானது. அது இல்லாவிட்டால் சில மாதத்தில் மறுபடி இதே இடத்துக்கு வந்து நிற்போம். நாள்காட்டியில் தேதியைச் சுழித்துவையுங்கள்.

அரசு சுகாதார நிலையத்தில் தரும் திரவத்தில் 1 மில்லி என்பது 1 லட்சம் ஐ.யூ. பாட்டிலோடு வரும் கரண்டியில் 1 மில்லி, 2 மில்லி கோடுகள் இருக்கும். வீட்டு டீஸ்பூன் 5 மில்லி பிடிக்கும், அதில் அளந்தால் இரண்டரை மடங்கு போய்விடும். அந்தக் கரண்டியைத் தவிர வேறெதிலும் அளக்கக் கூடாது. பாட்டிலைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதிவைத்து எட்டு வாரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். வெயில் பட்டால் வீரியம் போகும். கேப்ஸ்யூல் கொடுத்திருந்தால் முனையைச் சுத்தமான கத்தரியால் வெட்டி எண்ணெயை வாயில் பிழியுங்கள். சின்னப் பிள்ளையை முழுங்கவைத்தால் தொண்டையில் சிக்கும்.

இது நோய் வந்த பிறகான முறை. வராமல் தடுக்கும் முறை வேறு: 9 மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசியோடு 1 லட்சம், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சமாக ஐந்து வயது வரை, மொத்தம் 9 தவணை, 17 லட்சம் ஐ.யூ. இந்தியாவில் இந்தத் திட்டம் 1970-இல் தொடங்கியது. பையனின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். எத்தனை தவணை விட்டுப்போயிருக்கிறது என்று அதில் தெரியும். கடைசித் தவணையின் தேதியை மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணில் அறிகுறி இருக்கும்போது, சமீபத்தில் ஒரு தடுப்புத் தவணை போயிருக்கிறது என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

வைட்டமின் ஏ கண்ணோடு நிற்பதில்லை. குடல், நுரையீரல் உள்ளுறைக்கும் கிருமி எதிர்ப்புக்கும் அதுதான் காவல். திருச்சி மாவட்டத்தில் 15,419 சின்னப் பிள்ளைகளை வைத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வு 1990-இல் வெளியானது. வாரம் ஒருமுறை 8,333 ஐ.யூ. என்ற சிறு அளவு பெற்ற பிள்ளைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. மாலைக்கண் உள்ள பிள்ளை வயிற்றுப்போக்கிலும் சளிக் காய்ச்சலிலும் சுலபமாகச் சரிந்துவிடும் என்பதால்தான், கண் மருத்துவர்கள் இந்த விஷயத்தில் இவ்வளவு அழுத்திப் பேசுகிறோம்.

அடுத்த தவறு கர்ப்பிணிகள் விஷயத்தில் நடக்கிறது. கடைசி மூன்று மாதங்களில் சில பெண்களுக்கு மாலைக்கண் வரும். பிள்ளைக்கு வாங்கிய பாட்டிலிலிருந்து அவர்களுக்கும் 2 மில்லி ஊற்றிக் கொடுத்துவிடக் கூடாது. கருவில் இருக்கும் சிசுவுக்கு உறுப்புக் குறைபாடு வரும் அபாயம் அதிக அளவு ரெட்டினாலில் உண்டு. அவர்களுக்கு நாளுக்கு 10,000 ஐ.யூ.வைத் தாண்டாத அளவு, அல்லது வாரத்துக்கு 25,000 ஐ.யூ., குறைந்தது நான்கு வாரம், மருத்துவர் சொல்படி. முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயினும் வைட்டமின் ஏ குடும்பம்தான். அதைச் சாப்பிடுகிறவர்களுக்குக் கண் வறண்டு, இருட்டில் பார்வை குறையலாம். கர்ப்ப காலத்தில் அது அறவே கூடாது. அதோடு வைட்டமின் ஏ மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடவும் கூடாது.

ரெட்டினால் அளவு நீண்டநாள் மிஞ்சினால் அதற்குப் பெயர் ஹைப்பர்வைட்டமினோசிஸ் ஏ. தலைக்குள் அழுத்தம் ஏறித் தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை, கண்ணுக்குள் பார்வை நரம்பின் தலை வீங்குதல். கைக்குழந்தையில் உச்சி புடைக்கும். கேரட், பப்பாளி, பரங்கிக்காய் அதிகம் சாப்பிட்டால் இது வராது. அவற்றில் இருப்பது பீட்டா கரோட்டின், உடல் தேவைக்கு ஏற்பத்தான் அதை ரெட்டினாலாக மாற்றும். மிஞ்சினால் உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவுதான். அப்போதும் வெண்விழி வெள்ளையாகவே இருக்கும். மஞ்சள் காமாலையில் முதலில் மஞ்சளாவதே வெண்விழி. இரண்டையும் பிரிக்க இதைவிட எளிய வழி இல்லை.

மாற்றும் விகிதத்தைத் தெரிந்துகொண்டால் சமையலில் எங்கே கோட்டைவிடுகிறோம் என்று புரியும். உணவில் உள்ள 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டினிலிருந்து 1 மைக்ரோகிராம் ரெட்டினால்தான் கிடைக்கும். பையனின் 510 மைக்ரோகிராமுக்குக் காய்கறியை மட்டும் நம்பினால் ஏறத்தாழ 6,100 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் வேண்டும். அதுவும் எண்ணெயோ நெய்யோ இருந்தால்தான் குடலில் ஏறும். எண்ணெயே விடாமல் அவித்த கீரையும், வெறுமே கடிக்கும் பச்சைக் கேரட்டும் பெரும்பகுதி அப்படியே வெளியே போய்விடும். முருங்கைக்கீரையை மசிய வேகவைத்து, கடைந்து, ஒரு டீஸ்பூன் எண்ணெய் தாளித்துப் பருப்போடு பிசைந்து கொடுங்கள். மாம்பழம், பப்பாளி சாப்பாட்டுக்குப் பின் கொடுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். சர்க்கரைவள்ளியில் உள்ளே ஆரஞ்சு நிறமாக இருப்பதில்தான் கரோட்டின் நிறைய. வெள்ளையாக இருப்பதில் மிகக் குறைவு. நேரடி ரெட்டினால் வேண்டுமென்றால் முட்டை, பால், ஈரல். ஒரு முட்டையில் சுமார் 75 மைக்ரோகிராம். ஆட்டு ஈரலில் 100 கிராமுக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும், வாரத்துக்கு ஒருமுறை சிறு துண்டு பையனுக்குத் தாராளம். பாக்கெட் எண்ணெயில் பிளஸ் எஃப் முத்திரை இருந்தால் கிராமுக்கு 6 முதல் 9.9 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது அழியும்.

இவ்வளவும் கொடுத்தும் ஏறவில்லை என்றால் காரணத்தைத் தேடவேண்டும். கல்லீரலிலிருந்து ரெட்டினாலைக் கண்ணுக்குச் சுமந்துபோக ஒரு புரத வண்டி தேவை. அதைச் செய்ய உடலில் புரதமும் துத்தநாகமும் வேண்டும். மெலிந்த பிள்ளைக்கு வைட்டமின் மட்டும் கொடுத்து, பருப்பும் முட்டையும் கொடுக்காவிட்டால் பத்தாயத்தில் நெல் இருந்தும் வண்டி இல்லாத கதை. குடற்புழு, விடாத வயிற்றுப்போக்கு இரண்டையும் பாருங்கள். ரத்தத்தில் சீரம் ரெட்டினால் பார்த்தால் டெசிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்குக் கீழே குறைவு, 10-க்குக் கீழே கடும் குறைவு. ஆனால் காய்ச்சல் நேரத்தில் எடுத்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். கண்ணில் அறிகுறி தெளிவாக இருக்கும்போது இந்தச் சோதனைக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை.

தாத்தாவின் மாத்திரைக்கு வருகிறேன். முதுமையில் விழித்திரையின் நடுப்புள்ளியான மேக்குலா தேயும் நோய்க்கு அமெரிக்காவில் நடந்த ஏ.ஆர்.ஈ.டி.எஸ். ஆய்வுகளின் கலவை அது. 2013-இல் வந்த இரண்டாம் ஆய்வின்படி வைட்டமின் சி 500 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 ஐ.யூ., லூட்டீன் 10 மில்லிகிராம், ஜியாசாந்தின் 2 மில்லிகிராம், துத்தநாகம் 80 மில்லிகிராம், தாமிரம் 2 மில்லிகிராம். பட்டியலைப் பாருங்கள், அதில் வைட்டமின் ஏ-யே இல்லை. முதல் கலவையில் இருந்த பீட்டா கரோட்டின், புகைபிடிக்கிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது என்று தெரிந்ததால் எடுத்துவிட்டார்கள். ஆக, பையனுக்கு அது எந்த வகையிலும் பயன்படாது. அதிலுள்ள துத்தநாகம் நான்கு வயதுப் பிள்ளைக்கு உச்சவரம்பான 12 மில்லிகிராமைப் பல மடங்கு தாண்டும். தாத்தாவுக்கும்கூட அது நடுத்தரக் கட்ட மேக்குலா நோயோ, ஒரு கண்ணில் மட்டும் முற்றிய மேக்குலா நோயோ இருந்தால் மட்டுமே, அதுவும் முற்றுவதைத் தாமதப்படுத்த மட்டுமே. கண்புரைக்கோ, கண்ணாடிப் பவருக்கோ, மேக்குலா நன்றாக இருப்பவருக்கோ அதனால் ஆவது ஒன்றுமில்லை. கடையில் 'கண் வைட்டமின்' என்று கேட்டு வாங்குவதற்குமுன் அவருடைய சீட்டில் 'ட்ரூசன்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். விழித்திரைக்கு அடியில் சேரும் மஞ்சள் படிவுகளுக்கு அந்தப் பெயர். அந்தப் படிவுகள் இருந்து, மருத்துவர் 'நடுத்தரக் கட்டம்' என்றோ 'ஒரு கண்ணில் முற்றிவிட்டது' என்றோ சொல்லியிருந்தால்தான் மாத்திரைக்கு வேலை.

பெரியவர்களில் நான் அதிகம் கவலைப்படும் வைட்டமின் பி12. சுத்த சைவர்கள், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுகிறவர்கள், குடியும் புகையிலையும் உள்ளவர்கள் இவர்களில் பார்வை நரம்பே வாடும். வலி இருக்காது. இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை மெல்ல மங்கும், சிவப்பு வெளுத்துத் தெரியும். நடுவில் தெரியாமல் போகும் அந்தத் திட்டுக்கு ஸ்கோட்டோமா என்று பெயர். ஒரு சிவப்பு பாட்டில் மூடியை நேராகப் பார்க்கும்போது மங்கலாகவும், சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தினால் அதிகச் சிவப்பாகவும் தெரிந்தால் தாமதிக்காமல் கண் மருத்துவரைப் பாருங்கள். ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியானதுபோலத் தோன்றி, நரம்புச் சேதம் உள்ளே தொடரும். மாதக்கணக்கில் வாடிய நரம்பு முழுசாகத் திரும்பாது.

பையனுக்கு மூன்றாவது தவணை முடிந்து இரண்டு வாரத்தில் மறுபடி அதே மங்கிய வெளிச்சத்தில் பந்து சோதனை செய்துபாருங்கள். மாலைக்கண் சற்றும் மாறவில்லை என்றால் மேலும் வைட்டமின் கேட்டு வாங்காதீர்கள். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோயும் மாலைக்கண்ணாகத்தான் தொடங்கும். அதில் குச்சி செல்களே அழிகின்றன, வைட்டமின் ஏ பற்றாக்குறையால் வருவதல்ல. பெற்றோர் சொந்தத்தில் திருமணம் செய்தவர்களாக இருந்தால், குடும்பத்தில் வேறு யாருக்காவது இளம் வயதிலேயே மாலைக்கண் இருந்திருந்தால், பையன் பகலிலும் பக்கவாட்டில் இருப்பதை இடித்துக்கொண்டு போனால் இதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்து விழித்திரை ஓரத்தைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ஈ.ஆர்.ஜி. என்ற சோதனையில் குச்சி செல்களும் கூம்பு செல்களும் ஒளிக்குத் தரும் மின்பதிலைத் தனித்தனியாக அளப்பார்கள். அந்தச் சோதனைக்குமுன் பையனை ஏறத்தாழ 20 நிமிடமாவது முழு இருட்டில் உட்காரவைப்பார்கள். பயப்படாமல் இருக்க நீங்கள் யாராவது ஒருவர் கூடவே உட்கார்ந்துகொள்ளுங்கள், கையில் செல்போன் வெளிச்சம் மட்டும் வேண்டாம்.